கிலோ: தலை மட்டும் மிஞ்சிய சொல்

ஏதென்ஸ் சந்தையில் தக்காளி வாங்குகிற கிரேக்கர் 'கிலோ' என்று கேட்பார். அழுத்தம் கடைசி எழுத்தில் விழும். ஊருக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டால் அதே மனிதர் 'ஹில்யோமெத்ரோ' கணக்கில் பதில் சொல்வார். இரண்டு சொற்களிலும் முன்னால் நிற்பது ஒரே 'ஆயிரம்'தான். ஆனால் இரண்டையும் அவர்கள் வேறு வேறு எழுத்தில் தொடங்கி எழுதுகிறார்கள். தூரத்தைச் சொல்லும் ஆயிரம் பிறந்த வீட்டு எழுத்தோடு இருக்கிறது. எடையைச் சொல்லும் ஆயிரம் பாரிஸுக்குப் போய், எழுத்தை மாற்றிக்கொண்டு, பின்பாதியைத் தொலைத்துவிட்டுத் திரும்பியிருக்கிறது. சொந்த வீட்டிலேயே அதை வெளிநாட்டுச் சொல்லாகத்தான் ஏற்றுக்கொண்டார்கள்.

பழைய கிரேக்கத்தில் ஆயிரத்துக்குப் பெயர் 'கீலியோய்'. முதல் எழுத்தை மூச்சுக் கலந்த ககரமாக உச்சரித்தார்கள். இன்றைய கிரேக்கர் வாயில் அது ஹகரத்தின் பக்கம் நகர்ந்துவிட்டது. ஆயிரம் வீரர்களுக்குத் தலைவன் 'கிலியார்க்'. அலெக்சாந்தர் தன் உயிர் நண்பன் ஹெபாயிஸ்டியனுக்குக் கொடுத்த பெரும்பதவியின் பெயர் அதுதான். கிறிஸ்து ஆயிரம் ஆண்டு அரசாளுவார் என்ற நம்பிக்கைக்கும் இதிலிருந்தே பெயர் வைத்தார்கள். அந்தக் காலத்தில் இது முன்னொட்டு அல்ல. படையையும் ஆண்டுகளையும் எண்ணிக்கொண்டிருந்த சாதாரண எண்ணுப் பெயர்.

இந்த எண்ணுக்கு நமக்குத் தெரிந்த உறவுகளும் உண்டு. சமஸ்கிருதத்தின் 'சகஸ்ர', பாரசீகத்தின் 'ஹஸார்', கிரேக்கத்தின் 'கீலியோய்' மூன்றும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தவை என்பது மொழியியலில் நிலைபெற்ற முடிவு. ஆக, விஷ்ணு சகஸ்ரநாமம் சொல்லிவிட்டு மளிகைக் கடைக்குப் போய் ஒரு கிலோ பருப்பு கேட்பவர் ஒரே வேர்ச்சொல்லை ஒரே காலையில் இரண்டு முறை உச்சரித்துவிடுகிறார். நம் 'ஆயிர'மும் கன்னடத்தின் 'சாவிர'மும்கூட 'சகஸ்ர'வின் வழிவந்தவைதான் என்று மொழியியலாளர் பலர் எழுதியிருக்கிறார்கள். தமிழறிஞர் சிலர் அதை ஏற்பதில்லை. அந்த வழக்கை இங்கே எடுத்தால் கிலோ பாரிஸ் போய்ச் சேராது.

பாரிஸில் 1789-இன் புரட்சி அரசரோடு சேர்த்து அளவைகளையும் கவிழ்த்தது. அதுவரை பிரான்சில் ஊருக்கு ஒரு அளவு, சந்தைக்கு ஒரு முகத்தல். தானியத்தைத் தன் படியில் அளந்து வாங்கும் நிலப்பிரபுவின் மீது குடியானவருக்கு இருந்த கோபம் அந்தப் புரட்சியின் எரிபொருள்களில் ஒன்று. எல்லாருக்கும் எக்காலத்துக்கும் பொதுவான அளவை வேண்டும் என்று கிளம்பிய அறிவியலாளர் குழு நீளத்தைப் பூமியிலிருந்தும் எடையைத் தண்ணீரிலிருந்தும் எடுத்தது. தண்ணீரின் எடையை நுட்பமாகக் கண்டறியும் சோதனைகளைத் தொடங்கியவர்களில் ஒருவர் லவாய்சியர். 1793 ஆகஸ்டில் வந்த சட்டம் ஒரு கன டெசிமீட்டர் தண்ணீரின் எடைக்கு 'கிராவ்' என்று பெயர் வைத்தது. இன்றைய கிலோகிராம் அதுதான். ஒட்டோ உறவோ இல்லாத தனிப்பெயரோடு பிறந்தது.

கிராவ் நீடிக்கவில்லை. 1794 மே மாதம் லவாய்சியர் கில்லட்டினில் தலை இழந்தார். மறு ஆண்டு, 1795 ஏப்ரல் 7 அன்று நிறைவேறிய சட்டம் பெயர்களை எல்லாம் மாற்றிப் போட்டது. மீட்டர், லிட்டர், கிராம் என்று சில அடிப்படைப் பெயர்கள். அவற்றைப் பெருக்கவும் வகுக்கவும் சில முன்னொட்டுகள். பெருக்குவதற்குக் கிரேக்கம்: டெக்கா, ஹெக்டோ, கிலோ, மிரியா. வகுப்பதற்கு லத்தீன்: டெசி, சென்டி, மில்லி. கிரேக்க எண்ணுக்குப் பெருக்கும் குணமோ லத்தீன் எண்ணுக்கு வகுக்கும் குணமோ கிடையாது. லத்தீனில் 'மில்லி'யும் ஆயிரம்தான். சட்டம் எழுதியவர்கள் மனப்பாடத்துக்கு வசதியாக ஒரு மொழியை மேலேயும் ஒரு மொழியைக் கீழேயும் நிறுத்தினார்கள், அவ்வளவே. அடுத்த நூற்றாண்டில் மைக்ரோ என்ற கிரேக்கச் சொல் பத்து லட்சத்தில் ஒரு பங்கைக் குறிக்க வந்தபோது அந்த ஒழுங்கும் போயிற்று.

எழுத்துக்கூட்டல்தான் அன்றைய படித்தவர்களை உறுத்தியது. கிரேக்கத்தின் அந்த முதல் எழுத்தைப் பிரெஞ்சுக்காரர் வழக்கமாக இரண்டு லத்தீன் எழுத்துகளைச் சேர்த்து எழுதுவார்கள். இகரத்துக்கு முன்னால் வந்தால் அது பெரும்பாலும் ஷகரமாக ஒலிக்கும். கிரேக்கத்தில் ககரமாக இருந்த அறுவை மருத்துவர் பிரெஞ்சில் 'ஷிரூர்ஜியன்' ஆனது அப்படித்தான். அந்த வழியில் போயிருந்தால் நாம் இன்று 'ஷிலியோ' சர்க்கரை வாங்கிக்கொண்டிருப்போம். சட்டம் எழுதியவர்கள் 'க' ஒலிக்குச் சந்தேகமில்லாத எழுத்தைப் போட்டார்கள். இடையில் இருந்த ஒரு இகரத்தையும் வெட்டினார்கள். ஒளி அலை என்று காட்டியவரும், ரோசெட்டா கல்வெட்டைப் படிக்கப் பாடுபட்டவரும், கிரேக்கத்தில் புலமை கொண்டவருமான தாமஸ் யங் இந்தப் பெயரிடல் காட்டுமிராண்டித்தனமானது என்று சாடினார். அவர் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்த ஆங்கிலேயர் சிலர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெகுகாலம் 'கிலியோ' என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள். இலக்கணப்படி யங் சொன்னது சரி. ஆனால் எடைக்கல்லுக்கு இலக்கணம் தெரியாது.

'கிராம்' என்பதும் கிரேக்கம்தான். 'எழுதப்பட்ட எழுத்து' என்று பொருள். இலக்கணத்தின் ஆங்கிலப் பெயரிலும் டெலிகிராமிலும் இருப்பது அதே சொல். பிற்காலத்தில் அவுன்சில் இருபத்து நான்கில் ஒரு பங்கான சிறு எடைக்கு அந்தப் பெயர் வந்தது. அந்தச் சிறுமைதான் சிக்கலானது. சட்டப்படி அடிப்படை எடை கிராம். ஆனால் ஒரு கிராம் உலோகத் துண்டைச் செதுக்கி நாட்டுக்கே மூல எடையாக வைக்க முடியாது. சந்தையில் யாரும் கிராம் கணக்கில் கோதுமை வாங்குவதும் இல்லை. ஆகவே ஆயிரம் கிராமுக்கு ஒரு பிளாட்டினம் உருளையைச் செய்து 1799 ஜூனில் பாரிஸ் ஆவணக் காப்பகத்தில் வைத்தார்கள். பெயரளவில் கிராம் தாய், கிலோகிராம் அதன் ஆயிரம் மடங்கு. உள்ளபடி கிலோகிராம்தான் மூலம். கிராம் அதில் ஆயிரத்தில் ஒரு துணுக்கு. இந்தத் தலைகீழ் இன்றுவரை சரியாகவில்லை. உலக அலகு முறையின் ஏழு அடிப்படை அலகுகளில் முன்னொட்டோடு நிற்பது கிலோகிராம் ஒன்றுதான். அதன்மேல் இன்னொரு முன்னொட்டை ஏற்றக்கூடாது என்பது விதி. அதனால் 'மைக்ரோகிலோகிராம்' கிடையாது, மில்லிகிராம்தான்.

பிரெஞ்சு மக்கள் இந்தப் புது முறையை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. 1812-இல் நெப்போலியன் பழைய பெயர்களைத் திரும்பக் கொண்டுவந்து, 500 கிராமுக்கு 'லீவ்ர்', அதாவது பவுண்டு, என்று பெயர் சூட்டி ஒரு சமரசம் செய்தார். 1840 ஜனவரி முதல் நாளிலிருந்துதான் பிரான்சில் மெட்ரிக் முறை திரும்பவும் கட்டாயமானது. நெதர்லாந்து 1820 முதல் கிலோகிராமைப் 'பொண்டு' என்ற தன் பழைய பெயராலேயே அழைத்தது. 1869 வரை அந்த ஏற்பாடு நடந்தது. புது எடை, பழைய பெயர்: இந்த யோசனை நம் பக்கமும் எட்டிப் பார்த்தது.

பெயர் நீளமாக இருந்தால் நாக்கு தானே சுருக்கிக்கொள்ளும். பிரெஞ்சுக் கடைகளில் 'கிலோகிராம்' பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே 'கிலோ'வானது. முன்னொட்டு என்பது இன்னொரு சொல்லின் முன்னால் ஒட்டுவதற்காக இருப்பது. இங்கே ஒட்டின இடம் உதிர்ந்துபோய் ஒட்டு மட்டும் பெயர்ச்சொல்லாக நின்றது. வெறும் 'ஆயிரம்' என்று சொன்னால் எதில் ஆயிரம் என்று யாரும் கேட்கவில்லை. அந்த வடிவத்தில்தான் அது கிரேக்கத்துக்கும் திரும்பியது, இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் போனது, நமக்கும் வந்தது.

பிளாட்டினம் உருளையின் கதை தனியாகச் சொல்ல வேண்டியது, இங்கே சுருக்கமாக. 1875 மே 20 அன்று 17 நாடுகள் மீட்டர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. 1889-இல் பிளாட்டினமும் இரிடியமும் கலந்த புதிய உருளை மூல எடையானது. பாரிஸை ஒட்டிய செவ்ர் நகரில், கண்ணாடிக் குடுவைகளுக்குள், மூன்று சாவிகள் சேர்ந்தால்தான் திறக்கும் பெட்டகத்தில் அது இருந்தது. அதன் நகல்கள் நாடுகளுக்குப் போயின. இந்தியாவுக்கு வந்த 57-ஆம் எண் நகல் டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்குப் பிறகு ஒப்பிட்டுப் பார்த்தபோது மூலத்துக்கும் நகல்களுக்கும் சுமார் 50 மைக்ரோகிராம் விலகல். மூலம் இளைத்ததா, நகல்கள் பருத்தனவா என்று சொல்ல வழியில்லை, ஏனென்றால் எடையே மூலம்தான். கடைசியில் 2018 நவம்பரில் வெர்சாய் நகரில் கூடிய நாடுகள் உருளையை ஓய்வுபெறச் செய்துவிட்டு, பிளாங்க் மாறிலி என்ற இயற்கை எண்ணின் மீது கிலோகிராமை நிறுத்தின. 2019 மே 20 முதல் அது நடைமுறை. அடிப்படை அலகின் பொருளையே மாற்றிய அந்தக் கூட்டமும் பெயரில் ஒட்டியிருந்த முன்னொட்டைத் தொடவில்லை.

இந்தியாவுக்குக் கிலோ வந்தது இரண்டு தவணையில். முதல் தவணை யாருக்கும் நினைவில்லை. 1871-இல் பிரிட்டிஷ் இந்திய அரசு இயற்றிய அளவைச் சட்டம், நாட்டின் மூல எடை 'சேர்' என்றும், அது பிரான்சில் கிலோகிராம் என்று அறியப்படும் எடைக்குச் சமம் என்றும் சொன்னது. இங்கிலாந்தே பவுண்டில் நிறுத்துக்கொண்டிருந்த காலம் அது. சட்டம் ஏட்டோடு நின்றது. நடைமுறைக்கு வந்திருந்தால் நாம் இன்று 'ஒரு சேர் கத்தரிக்காய்' என்று சொல்லிக்கொண்டு, கிலோ என்ற சொல்லே தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் அதில் ஒரு பெரிய குழப்பமும் இருந்திருக்கும். வடக்கே சேர் என்றால் 80 தோலா, கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. சென்னை மாகாணத்துச் சேரோ எட்டுப் பலம், அதாவது ஏறக்குறைய 280 கிராம். ஒரே பெயருக்கு மூன்று மடங்கு வேறுபாடு.

நம் பக்கத்துக் கணக்கு இது: 40 பலம் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு, இருபது மணங்கு ஒரு பாரம். பலம் சுமார் 35 கிராம்; வீசை 1.4 கிலோ சொச்சம். புளியும் வெல்லமும் மிளகாயும் வீசையில் நிறுக்கப்பட்டன. அரிசியும் பருப்பும் எண்ணெயும் பாலும் நிறுக்கப்படவே இல்லை. ஆழாக்கு, உழக்கு, படி, மரக்கால் என்று முகந்து அளக்கப்பட்டன. படியோ ஊருக்கு ஊர் மாறும். அந்த மாற்றத்தில்தான் வியாபாரியின் லாபமும் இருந்தது, கூலியாளின் நட்டமும் இருந்தது. பிரெஞ்சுக் குடியானவரின் கோபத்தைப் புரிந்துகொள்ளத் தஞ்சைப் பக்கத்தில் நெல்லைக் கூலியாக வாங்கியவர்களுக்குப் பாடப்புத்தகம் தேவைப்பட்டிருக்காது.

சுதந்திர இந்தியா 1956 டிசம்பரில் எடை அளவுத் தரச் சட்டத்தை நிறைவேற்றியது. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது. 1958 அக்டோபர் முதல் தேதியிலிருந்து பகுதி பகுதியாகக் கிலோ வந்தது. 1962 ஏப்ரலில் எடையைப் பொறுத்தவரை நாடு முழுக்கக் கட்டாயமானது. இந்த முறை பழைய பெயரைச் சூட்டவில்லை. உலகப் பெயர்களே இருக்கட்டும் என்று முடிவானது, நல்ல முடிவு. பழைய பெயரைத் தாங்கிய புது எடை என்றால் எந்தச் சேர், யாருடைய வீசை என்று ஒரு தலைமுறை சண்டை போட்டிருக்கும். புரியாத ஒரு பெயருக்குப் பழைய பகை எதுவும் இல்லை.

அறுகோண வடிவ வார்ப்பிரும்பு எடைக்கற்கள் கடைகளுக்கு வந்தன. குழியில் ஈயம் ஊற்றி முத்திரை குத்தப்பட்டவை. அவற்றோடு வந்த சொல்லைத் தமிழ் தன் வழிக்கு இழுத்துக்கொண்டது. தமிழ் பின்னால் ஒட்டுகிற மொழி. முன்னொட்டு அதற்குப் பழக்கமில்லை. ஆகவே 'கிலோ' வந்ததுமே பெயர்ச்சொல்லாகி, வேற்றுமை உருபுகளை ஏற்றது: கிலோவுக்கு, கிலோவில், கிலோக்கணக்கில். முன்னால் ஒட்டியவை நம் பின்னப் பெயர்கள்: கால் கிலோ, அரைக் கிலோ, முக்கால் கிலோ, ஒன்றரைக் கிலோ. பத்துப் பத்தாகப் பிரிப்பதற்காகவே பிறந்த அலகை நாம் இன்றும் பாதியும் பாதியில் பாதியுமாகத்தான் பிரிக்கிறோம். ஹெக்டோகிராம், டெக்காகிராம் என்று சட்டத்தில் இருந்த இடைப்படிகள் நம் கடைத் தராசுத் தட்டுகளில் ஏறவில்லை. அவற்றோடு பிறந்த மிரியாவுக்கு நிலைமை இன்னும் மோசம். 1960-இல் உலக முன்னொட்டுப் பட்டியலை ஒழுங்குபடுத்தியபோது அதைச் சேர்க்கவே இல்லை.

வீசை போய்க் கிலோ வந்ததைக் காட்டச் சட்ட நகல் வேண்டாம், ஒரு வசவு போதும். "நேர்மையா, அது வீசை என்ன விலை?" என்று கேட்ட தலைமுறைக்குப் பிறகு "கிலோ என்ன விலை?" என்று கேட்கும் தலைமுறை வந்தது. கிண்டலின் தராசிலும் எடைக்கல் மாறிவிட்டது. எல்லா இடத்திலும் கிலோ ஜெயித்துவிடவும் இல்லை. மல்லிகை மொத்தச் சந்தையில் கிலோ, கோயில் வாசலில் முழம். தங்கம் சவரன். சித்த மருத்துவச் செய்முறைகளில் பலம் இன்னும் உயிரோடு இருக்கிறது. கடையில் கிலோவாக வாங்கிய அரிசியை வீட்டில் ஆழாக்கில் அளந்து உலையில் போடும் கைகள் எத்தனையோ. இலங்கைத் தமிழர் பாணை, அதாவது ரொட்டியை, இன்றும் 'இறாத்தல்' கணக்கில் கேட்கிறார்கள். அந்த இறாத்தல் போர்த்துகீசியர் வழியே அரபுமொழியின் 'ரத்ல்' ஆகி, அங்கிருந்து பின்னோக்கிப் போனால் கிரேக்கத்தின் 'லீத்ரா'வில் முடியும் என்பார்கள். லிட்டருக்கும் அதுதான் தாய்.

அரசியல் மேடைகளில் படி இன்னும் தாமதமாகவே இறங்கியது. 1967 தேர்தலில், மெட்ரிக் எடை கட்டாயமாகி ஐந்து ஆண்டுகள் கழித்து, தி.மு.க. கொடுத்த வாக்குறுதி ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்பது. சட்டப்படி அந்தப் படிக்கு அப்போது இடமில்லை. ஆனால் அரிசி என்றால் படி என்பதுதான் கேட்பவர் மனக்கணக்கு. கிலோ என்று சொல்லியிருந்தால் மேடை குளிர்ந்திருக்கும். அண்ணா முதல்வரானதும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி திட்டம் தொடங்கியது. பிறகு 2006 தேர்தலில் அதே கட்சியின் வாக்குறுதி கிலோ இரண்டு ரூபாய். 2008 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில், அது கிலோ ஒரு ரூபாய் ஆனது. அதே ஒரு ரூபாய், அதே அரிசி. நாற்பது ஆண்டில் மாறியது அளவின் பெயர்தான், அளவும் கொஞ்சம் சிறுத்தது. 2011-இல் ஜெயலலிதா அரசு விலையையே எடுத்துவிட்டது. ரேஷன் அட்டையில் மிஞ்சியது கிலோ மட்டும்.

கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் கிலோக்களும் உண்டு. மின்சார வாரியம் கணக்கெடுக்கும் ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட்-மணி. 2016-இல் தமிழ்நாட்டு வீடுகளுக்கு இலவசமாக்கப்பட்ட 100 யூனிட்டும் நூறு கிலோதான். உடல் இளைக்க விரும்புகிறவர்கள் எண்ணுகிற 'கலோரி' உண்மையில் கிலோகலோரி. அங்கே வால் இருக்கிறது, தலை போய்விட்டது. வானொலி எழுத்துமுறையில் ஆங்கிலத்தின் 'கே' எழுத்துக்கு 'கிலோ' என்று பெயர் வைத்திருப்பதால் சோவியத் நீர்மூழ்கிக் கப்பல் வகை ஒன்றுக்கு மேலை நாடுகள் அந்தப் பெயரைச் சூட்டின. நம் கடற்படை அவற்றை வாங்கி 'சிந்துகோஷ்' என்று வேறு பெயர் வைத்துக்கொண்டது.

அந்த 'கே' எழுத்துதான் கிலோவின் புதிய உடம்பு. 2000-ஆம் ஆண்டு பிறக்கும்போது கணினிகள் குழம்பிவிடும் என்ற அச்சத்துக்கு 'ஒய்டூகே' என்று பெயர் வந்தது; அதைச் சரிசெய்யும் வேலை இந்திய மென்பொருள் நிறுவனங்களுக்குக் கொட்டியது. இன்று இளைஞர்கள் "சம்பளம் நாற்பது கே" என்கிறார்கள், வீடியோவுக்குப் பத்து கே பார்வை என்கிறார்கள், ஐந்து கே ஓடுகிறார்கள். காய்கறிக் கடைக் கிலோவில் ஆயிரம் என்ற பொருள் யார் காதுக்கும் கேட்பதில்லை; எடை மட்டும் கேட்கிறது. சம்பளத்துக் 'கே'யில் எடையும் இல்லை, கிராமும் இல்லை. கிரேக்கர் எண்ணிய பழைய ஆயிரம் மட்டும் இருக்கிறது. முறைப்படி ஆயிரத்தைக் குறிக்கும் எழுத்து சின்ன 'கே'. பெரிய 'கே' வெப்பநிலையின் கெல்வினுக்குப் போய்விட்டது. நம் கடைப் பலகைகளுக்கும் சுங்கச்சாவடிகளுக்கும் இந்தச் செய்தி இன்னும் போய்ச்சேரவில்லை.

கணினியில்தான் அந்த ஆயிரமும் ஆட்டம் கண்டது. இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போகும் எந்திரத்துக்கு ஆயிரம் வசதியான எண் அல்ல; பத்தாவது அடுக்கில் கிடைப்பது 1024. பக்கத்தில்தானே இருக்கிறது என்று பொறியாளர்கள் அதையே கிலோபைட் என்றார்கள். 24 மட்டும்தான் அதிகம், ஆனால் மெகா, கிகா என்று ஏற ஏற அந்தச் சிறு விலகல் பெருகும். 1998-இல் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1024-க்குக் 'கிபி' என்று தனி முன்னொட்டு உருவாக்கியது. கடைகளில் அதை யாரும் கேட்டு வாங்குவதில்லை. இன்றைக்கும் விண்டோஸ் கணினி ஒரு கிலோபைட்டை 1024 என்று எண்ணுகிறது. ஆப்பிள் கணினி 2009 முதல் 1000 என்று எண்ணுகிறது. ஒரே கோப்பை இரண்டிலும் திறந்தால் இரண்டும் வேறு வேறு அளவு சொல்லும்.